லே-ஆஃப் நாளுக்கு ஈ.எல். (சம்பளத்தோடு கூடிய ஈட்டிய லீவு) எழுதிக் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை):
கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்பு உருக்காலையில் நிரந்தரத் தொழிலாளி நான். ஆறு வருஷ சர்வீஸ். சரக்கு தேங்கிவிட்டது என்று ஓணம் முடியும்வரை லே-ஆஃப் (வேலையை விட்டு நீக்காமல், தற்காலிகமாக வேலை தராமல் நிறுத்தி வைப்பது) நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். பாதிச் சம்பளம்தானாம். எச்.ஆர். தனியாகக் கூப்பிட்டு, "ஈ.எல். பாக்கி இருக்கிறதே, எழுதிக் கொடுங்கள், முழுச் சம்பளம் வரும்" என்கிறார். எது நல்லது? நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பணம் உண்டா?

பதில் 1:
அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீங்க தம்பி. லீவு எழுதிய நாளில் நீங்கள் கணக்குப்படி லீவு, லே-ஆஃப் இல்லை. இரண்டு பணமும் சேர்ந்து வராது. பேசிக்கும் டி.ஏ.வும் (அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும்) சேர்ந்து நாளுக்கு 600 ரூபாய் என்று வையுங்கள். லே-ஆஃப் என்றால் அதில் 50 சதவீதம், 300 கம்பெனி தர வேண்டும். லீவு எழுதினால் 600 வரும், சரி. ஆனால் 600 மதிப்புள்ள ஒரு ஈ.எல். போய்விடுகிறது, கூடக் கிடைப்பது வெறும் 300. மீதி 300 கம்பெனிக்கு மிச்சம்! அந்த ஈ.எல்.லை வைத்திருந்தால் பின்னால் முழுச் சம்பளத்தோடு லீவு எடுக்கலாம், வேலையை விட்டாலும் காசாகும்.

வார விடுமுறைக்கு லே-ஆஃப் பணம் கிடையாது. திருவோணம் வார விடுமுறை அல்ல, பண்டிகை விடுமுறை. அதையும் ஞாயிறு மாதிரி கழித்தால் சும்மா விடாதீங்க, யூனியனிடம் சொல்லுங்கள்.

பதில் 2:
ஒன்றை விட்டுவிட்டீர்கள் அண்ணா. லே-ஆஃப் நாளில் தினம் ஒரு தடவையாவது வேலை நேரத்தில் கம்பெனிக்குப் போய் முகம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அன்றைய பணம் போச்சு. வீட்டில் உட்கார்ந்துகொண்டு பாதிச் சம்பளம் வரும் என்று நினைக்க வேண்டாம். தினமும் பஸ் காசு யார் தருவது? அந்தச் செலவையும் கூட்டிப் பார்த்தால், அவசரத் தேவை இருப்பவர் இரண்டு மூன்று நாள் லீவு எழுதுவதில் தப்பில்லை என்பேன்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. இ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் காப்பீட்டில்) வேலையில்லாதவர்களுக்குப் பணம் தருகிறார்களாமே, அது கிடைக்குமா?

பதில் 1:
அது வேலையே போனவர்களுக்கு. உங்கள் பெயர் இன்னும் மஸ்டர் ரோலில் (தொழிலாளர் வருகைப் பதிவேட்டில்) இருக்கிறதே. இன்னொன்று, 12 மாதத்தில் லே-ஆஃப் 45 நாளைத் தாண்டினால் அப்புறம் லே-ஆஃப் பணம் இல்லை என்று ஒப்பந்தம் போட்டிருக்கலாம். யூனியனிடம் அதன் நகலைக் கேளுங்கள். எச்.ஆர். சொன்னதையும் எழுத்தில் தரச் சொல்லுங்கள், தருகிறாரா பார்ப்போம்.