தாத்தா கட்டிய ஓட்டு வீடு: சரிபண்ணி விற்கலாமா, அப்படியே விற்கலாமா?

காவிரிக்கரை
கும்பகோணத்தில் எங்கள் தாத்தா மனை வாங்கிக் கட்டிய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லையில் கிணறு. அகலம் 25 அடிதான், நீளம் மட்டும் அடுத்த சந்து வரை போகும். அப்பா 2022-இல் தவறிவிட்டார், அம்மா அதற்கு முன்பே. நானும் தம்பியும் சென்னையில், அக்கா திருச்சியில். யாரும் அங்கே போய் இருக்கப்போவதில்லை என்பதால் விற்பதென்று பேசி முடித்துவிட்டோம், எப்படி விற்பது என்பதில்தான் இழுபறி. முற்றத்து மூலையில் ஓடு சரிந்து மழைத்தண்ணீர் உத்திரத்தில் இறங்குகிறது. கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு உப்பு பூத்து, கை வைத்தால் காரை பொலபொலவென்று கொட்டுகிறது. மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்தார். சுவரைக் கொத்தி சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து பெயிண்ட் அடித்து, டைல்ஸ் போட்டு, பாத்ரூமை உள்ளே கொண்டுவர 11 லட்சம் ஆகுமாம். செய்தால் 20 லட்சம் அதிகமாகக் கேட்கலாம் என்கிறான் தம்பி. அக்கா ஒரு ரூபாய் போடக்கூடாது என்கிறாள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

செங்கல்சுண்ணாம்பு
கட்டட வேலையில் இருக்கிறேன். அக்கா சொல்வதுதான் சரி, ஓடு ஒன்றைத் தவிர.

அந்த மாதிரி நீள மனையை வாங்குபவர் பெரும்பாலும் இடித்துவிட்டுத்தான் கட்டுவார். அவர் மனைக்குத்தான் விலை பேசுவார், உங்கள் புது டைல்ஸ் அவருக்கு இடிக்கிற கூலியில் சேரும். அதைவிட முக்கியம் அந்தச் சுவர். சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் சிமெண்டைப் பூசிவிட்டால் ஈரத்துக்குப் போக வழியில்லை, இன்னும் மேலே ஏறும், கொஞ்ச நாளில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். வாங்க வருபவரும் சும்மா வரமாட்டார், ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து தட்டிப் பார்ப்பார். பழைய வீட்டில் புதுப் பூச்சைக் கண்டால் எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

ஆனால் ஓட்டை ஐப்பசி மழைக்கு முன்னால் பிரித்து மாற்றிவிடுங்கள், ஓட்டைத் தாங்கும் இற்றுப்போன ரீப்பர் சட்டத்தையும் சேர்த்து. விற்க ஒரு வருஷம் இழுத்தால்கூட உத்திரம் நிற்க வேண்டும். சுவரில் அரசங்கன்று முளைத்திருந்தால் வேரோடு எடுக்கச் சொல்லுங்கள், மேலே மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கொல்லையைச் சுத்தம் செய்து கிணற்றுக்கு மூடி போடுங்கள். அவ்வளவு போதும்.

பத்திரப்பை
பட்டா யார் பேரில் இருக்கிறது? தாத்தாவே சம்பாதித்து வாங்கிய இடம், உயில் எழுதாமல் போயிருக்கிறார் என்றால் உங்கள் அப்பாவோடு பிறந்த எல்லோருக்கும் அதில் சம பங்கு உண்டு, அத்தைகள் உட்பட. கல்யாணத்துக்கு நகை போட்டாச்சு, சீர் செய்தாச்சு என்பதெல்லாம் சட்டத்தில் நிற்காது. அவர்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதித் தரவேண்டும், இல்லை கிரயத்தில் கையெழுத்துப் போட்டுப் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். இது தெளிவாகாமல் 11 லட்சம் போட்டால் அந்தச் செலவை யார் கணக்கில் கழிப்பது என்று குடும்பத்துக்குள் இன்னொரு சண்டை வரும். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் வேண்டும். சொத்தின்மேல் கடன், கைமாற்றம் ஏதும் பதிவாகியிருக்கிறதா என்ற வில்லங்கம் பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், ரொம்பப் பழைய வருஷங்களுக்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போடணும். வீட்டு வரி பாக்கி வைக்காதீர்கள், கரண்ட் இணைப்பைத் துண்டிக்க விடாதீர்கள்.

மலைக்கோட்டை
எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லணும். திருச்சியில் எங்கள் சித்தப்பாவின் தளம் போட்ட வீட்டில் மொட்டைமாடிக் கசிவை அடைத்து, வயரிங் மாற்றி, பெயிண்ட் அடித்துத்தான் விற்றோம், போட்டதற்கு மேலேயே வந்தது. அங்கே வாங்கியவர் குடியிருக்க வந்தவர், பேங்க் லோன் போட்டவர். பேங்க் மதிப்பீட்டாளர் கட்டடத்தின் வயசையும் நிலைமையையும் பார்ப்பார். ஓட்டு வீட்டுக்கு லோன் கிடைப்பதே சிரமம், அதனால் உங்களுக்கு வருகிற ஆளே வேறு.

ஒன்று கேட்கணும், தூணும் நிலைக்கதவும் தேக்கா? பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வருவார்கள். எனாமல் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். பழைய மரம் எடுக்கிறவர் வந்து கதவை மட்டும் கேட்டால் கழற்றிக் கொடுக்காதீர்கள்.

கணக்குப்பிள்ளை
விற்ற லாபத்துக்கான வருமான வரி பற்றிச் சுருக்கமாக. 1.4.2001-க்கு முந்தைய சொத்து என்பதால் அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுக்கலாம், ஆனால் பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருந்த அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. லாபத்தில் 12.5 சதவீதம், இல்லையென்றால் பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம், எது குறைவோ அது. இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மட்டும்தான் இந்தத் தெரிவு. அவரவர் பங்குக்கு அவரவர் கட்டணும். பெயிண்ட், சில்லறை ரிப்பேர் எல்லாம் லாபத்தில் கழிக்கிற மேம்பாட்டுச் செலவாக ஏறாது என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள்.

காவிரிக்கரை
எல்லோருக்கும் நன்றி. பட்டா தாத்தா பேரில்தான் இருக்கிறது. இரண்டு அத்தைகள், பெரியவர் மயிலாடுதுறையில். இத்தனை நாள் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அக்காவோடு போய்ப் பேசப்போகிறேன். தூண் தேக்குதான். மேஸ்திரியிடம் ஓட்டு வேலை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டேன், தம்பிக்கு மனசில்லாவிட்டாலும் சரி என்றான். நாட்டு ஓடு இப்போது எங்கே கிடைக்கும்?

செங்கல்சுண்ணாம்பு
புதுசு தேடாதீர்கள், அளவு ஒத்துவராது. அக்கம்பக்கத்தில் வீடு இடிக்கிற இடத்தில் கேளுங்கள், எண்ணிக்கைக்கு விலை சொல்லித் தருவார்கள். ஏற்றி இறக்குவதில் உடையும், கொஞ்சம் கூடவே எடுங்கள்.