கௌதாரி இயேசுவா? ‘ட்வெல்வ் டேஸ்’ பாட்டுல ரகசிய அர்த்தம் நிஜமா?

சண்டே ஸ்கூல் டீச்சர்:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். கேரல் சர்வீஸ்ல எங்க ஜூனியர் பிள்ளைங்க ‘தி ட்வெல்வ் டேஸ் ஆஃப் கிறிஸ்மஸ்’ பாடுறாங்க. கிறிஸ்மஸோட பன்னிரண்டு நாளும் நாளுக்கொரு பரிசுன்னு எண்ணிக்கை ஏறிக்கிட்டே போற இங்கிலீஷ் பாட்டு. போன வாரம் வாட்ஸ்அப்ல ஒரு செய்தி வந்துச்சு. இங்கிலாந்துல 1558-ல இருந்து 1829 வரை கத்தோலிக்கர் வெளிப்படையா ஆராதிக்க முடியாதாம். அதனால பிள்ளைங்களுக்கு வேதபாடத்தை ஒளிச்சு சொல்லிக்கொடுக்க இந்தப் பாட்டைக் கட்டினாங்களாம். பேரிக்காய் மரத்துக் கௌதாரி இயேசு. ரெண்டு காட்டுப்புறா பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும். மூணு கோழி விசுவாசம், நம்பிக்கை, அன்பு. நாலு பறவை நாலு சுவிசேஷம். அஞ்சு மோதிரம் மோசேயின் ஆகமங்கள். ஆறு வாத்து படைப்பின் ஆறு நாள். இப்படியே போய், பன்னிரண்டு மேளக்காரங்க விசுவாசப்பிரமாணத்தோட பன்னிரண்டு பகுதி.

எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஆளுக்கொரு சார்ட் வரையச் சொல்லிட்டேன், பதினொண்ணு முடிஞ்சுது. நேத்து எங்க சபை ஐயர் (பாஸ்டர்) பார்த்துட்டு “இது நிஜமாம்மா?”ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார். முழிச்சிட்டு வந்துட்டேன். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கேரல் ரவுண்ட்ஸ் கிட்டார்:

நிஜம்தான் அக்கா. எங்க ஃபாதர் பிரசங்கத்துலயே சொல்லியிருக்கார். பத்துக்குப் பத்துக் கட்டளை, பதினொண்ணுக்கு யூதாஸ் நீங்கலா பதினொரு சீடர். இவ்வளவு சரியா எப்படிப் பொருந்தும்?

ஓரத்து பாஸ்:

தம்பி, எண்ணிக்கை பொருந்துறதுக்கு என்ன? ‘ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்ததாம்’னு பிள்ளைங்க விளையாடுறாங்களே, அதுக்கும் என்னை உட்கார வெச்சா சாயங்காலத்துக்குள்ள வேத அர்த்தம் சொல்லிடுவேன். ஒண்ணுல இருந்து பன்னிரண்டு வரை எந்த எண்ணைக் கொடுத்தாலும் வேதத்துல ஒரு விஷயம் சிக்கும்.

டீச்சரம்மா, நான் முப்பது வருஷமா கொயர்ல பாஸ் (அடிக்குரல்) பாடுறவன். நானும் ஒரு காலத்துல இந்தக் கதையை மைக் பிடிச்சுச் சொன்னவன்தான், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்தப் பட்டியலைப் பாருங்க. பத்துக் கட்டளை, விசுவாசப்பிரமாணம், நாலு சுவிசேஷம், படைப்பு. இதுல எதை அப்ப இங்கிலாந்தோட அரசு சபையா இருந்த ஆங்கிலிக்கன் சபை தடை பண்ணுச்சு? கட்டளையும் விசுவாசப்பிரமாணமும் அவங்க ஜெபப்புத்தகத்து ஞானோபதேசத்துலயே இருக்கு. பிள்ளைங்க மனப்பாடம் பண்ணித்தான் ஆகணும். உண்மையில சண்டை நடந்தது போப், பூசை, உத்தரிக்கிற ஸ்தலம், மாதா வணக்கம் இதுகளுக்காக. அதுல ஒண்ணுகூட பட்டியல்ல இல்ல. ஏழு அன்னத்துக்கு ஏழு தேவதிரவிய அனுமானம் (சாக்ரமென்ட்)னு சிலர் சொல்றாங்க, அது ஒண்ணுதான் கருத்து வேறுபாடு உள்ள இடம். ஊரே சத்தமா ஒப்புவிக்கிற பாடத்தை எதுக்கு வாத்து முட்டைக்கு அடியில ஒளிச்சு வைக்கணும்?

ரெண்டாவது, பாட்டே ஒரு நிலையில இருக்கல. நமக்குக் கிடைச்சதுல பழைய அச்சு 1780-ல லண்டன்ல வந்த ‘மிர்த் வித்தவுட் மிஸ்சீஃப்’ங்கற சின்னப் பிள்ளைங்க புத்தகம். அதுல பத்து குழல்காரங்க, பதினொரு ஆடுற சீமாட்டிங்க, பன்னிரண்டு துள்ளுற பிரபுக்கள். மேளக்காரங்க ஒன்பது பேர்தான்! இன்னைக்கு நாம பாடுற வரிசையும், “ஃபைவ் கோல்ட் ரிங்ஸ்”னு மூச்சு முட்ட இழுக்கிறோமே அந்த இழுவையும், 1909-ல ஃபிரெடரிக் ஆஸ்டின்ங்கற பாரிடோன் பாடகர் போட்ட அமைப்புல வந்தது. (இழுத்து நிக்க இடம் வேணும்னு பாரிடோனுக்குத் தோணாம யாருக்குத் தோணும்.) நாலாவது பறவையும் அதுக்கு முன்னாடி ‘கோலி பேர்ட்ஸ்’, அதாவது கரிக்கறுப்புப் பறவை. ஆஸ்டின்தான் ‘காலிங்’னு (கூவுற பறவைன்னு) மாத்தினார். அப்ப 1780 ஆளுக்கு சுவிசேஷம் கறுப்பா கூவுச்சா?

அந்த ரகசியக் கதை எப்ப வந்துச்சுன்னா, கனடாவுல ஹ்யூ மெக்கெல்லர்னு ஒரு ஆசிரியர் 1979-ல கட்டுரை எழுதினார். அதுக்கப்புறம் இணையம் வந்துது, டிசம்பர் தவறாம ஒரு சுத்து வருது. அவருக்கு முன்னாடி இப்படி ஒரு பேச்சு இருந்ததுக்கு எந்தப் பழைய ஆதாரமும் யாரும் காட்டல. பாட்டு முன்னே பின்னே தப்பாம ஒப்புவிக்கிற விளையாட்டு, தப்பினவன் அபராதம் கொடுக்கணும். அவ்வளவுதான்.

கௌதாரி விஷயம்தான் எனக்குச் சிரிப்பு. தன் குஞ்சைக் காப்பாத்த அடிபட்ட மாதிரி நடிக்குதாம், அதனால இயேசுவாம். ஆனா எரேமியா 17:11 எடுத்துப் பாருங்க. அநியாயமா சொத்து சேர்க்கிறவனைத்தான் அங்க கவுதாரிக்கு ஒப்பிடுறார். அதை வெச்சே நடுக்காலத்து மிருக விளக்கப் புத்தகங்கள்ல கௌதாரி அடுத்த பறவையோட முட்டையைத் திருடுற பிசாசு! அந்தக் காலத்துப் பக்திமான் யாரும் யோசிக்காம அந்தப் பறவையை ஆண்டவருக்கு வெச்சிருக்க மாட்டான்.

எண்ணை வெச்சுப் போதிக்கிற பாட்டு நிஜமாவே இருக்கு, ஒளிவுமறைவே இல்லாம. ‘கிரீன் க்ரோ த ரஷஸ்’ங்கற இங்கிலாந்துப் பாட்டுல நாலு சுவிசேஷகர், பத்துக் கட்டளைன்னு நேராவே வரும். யூதர்கள் பஸ்கா ராத்திரியில பாடுறதுல ஒண்ணு தேவன், ரெண்டு கற்பலகை, அஞ்சு தோரா ஆகமம்னு பதிமூணு வரை போகும்.

சரி, பிள்ளைங்களுக்கு என்ன சொல்றதுன்னு கேட்டா, அந்த ரெண்டு காட்டுப்புறாவைச் சொல்லுங்க. பாட்டுக் கட்டினவர் இதை நினைச்சார்னு நான் சொல்ல வரல. ஆனா பன்னிரண்டு பரிசுல கிறிஸ்மஸ் கதைக்குள்ளயே நிக்கிறது அது ஒண்ணுதான். லூக்கா 2:24. குழந்தையை ஆலயத்துக்குக் கொண்டுபோன மரியாளும் யோசேப்பும் செலுத்தவேண்டியது ஒரு ஜோடு காட்டுப்புறா, இல்லாட்டி ரெண்டு புறாக்குஞ்சு. லேவியராகமம் 12:8-ஐப் பக்கத்துல வெச்சுப் படிங்க: ஆட்டுக்குட்டி கொண்டுவர சக்தியில்லாதவ கொடுக்கிறது அது. ஆண்டவரோட அம்மாகிட்ட ஒரு ஆட்டுக்குட்டி வாங்கக் காசில்ல. சார்ட்டுல இதை ஒரு பிள்ளை படிச்சா சபை நிமிர்ந்து பார்க்கும்.

அடுத்தது அந்தப் பன்னிரண்டு நாள். டிசம்பர் 25-ல தொடங்கி ஜனவரி 5 வரை, 6-ந்தேதி ஞானிகள் வந்த எபிபனி. 567-லயே பிரான்ஸ்ல தூர் நகரத்துல கூடின ஆயர்கள் சங்கம் இந்த நாட்களைப் பண்டிகையா வெச்சிருக்கு. நம்ம பக்கம் 25 மத்தியானம் பிரியாணியோட கிறிஸ்மஸ் முடிஞ்சுடும். நியூ இயர் ஆராதனை முடிஞ்சா ஸ்டார் பரணுக்குப் போயிடும். பாட்டு கேக்குறது இன்னும் நாலு நாள்.

கேரல் ரவுண்ட்ஸ் கிட்டார்:

லேவியராகமம் எடுத்துப் பார்த்தேன், சரியா இருக்கு. ஆனா ஐயா, ஃபாதர்கிட்ட நான் போய்ச் சொல்ல மாட்டேன்.

சண்டே ஸ்கூல் டீச்சர்:

ரொம்ப நன்றி ஐயா. ஐயர்கிட்ட லூக்கா வசனத்தைக் காட்டினேன், “இதையே வெச்சுக்கோ”ன்னுட்டார். ஒரு சிக்கல். ரெண்டாம் நம்பர் சார்ட் வரைஞ்ச பையன் ஒரே அழுகை. ரெண்டு பைபிளுக்கும் இறக்கை வரைஞ்சு, ஒவ்வொரு இறகுலயும் ஆகமத்தோட பேர் எழுதியிருக்கான், அறுபத்தாறும்.

ஓரத்து பாஸ்:

அதைக் கிழிச்சிடாதீங்கம்மா. பக்கத்துலயே ஒரு கூண்டுல ரெண்டு புறா வரையச் சொல்லுங்க. சர்வீஸ் முடிஞ்சதும் அந்த இறக்கை வெச்ச பைபிள் எனக்கு வேணும், கொயர் ரூம்ல மாட்டணும்.