150ஆ 180ஆ?

(‘நம்ம வீடு’ குழு, ஞாயிற்றுக்கிழமை காலை)

பெரியப்பா: தர்ஷினி, நீ அனுப்பிய பில்லர் டிராயிங் மசமசவென்று இருக்கிறது. பில்லர் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் இடைவெளி 150 மி.மீ.யா 180ஆ? மேஸ்திரி 180 என்று படித்து இரண்டு பில்லருக்குக் கட்டியே விட்டார்.

தர்ஷினி: ஐயோ பெரியப்பா, 150! போட்டோவாக அனுப்பிவிட்டேன், வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிட்டது. டாக்குமெண்டாக அனுப்பியிருந்தால் அப்படியே வந்திருக்கும்.

அத்தை: அது என்ன டாக்குமெண்ட், எனக்கும் சொல்லேன்

தர்ஷினி: பேப்பர் கிளிப் குறியை அழுத்தி டாக்குமெண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும் அத்தை, 2 ஜிபி வரை போகும். எங்கள் ஹாஸ்டலில் முதல் வாரமே சீனியர்கள் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், ஆனாலும் அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்குப் போய்விடுகிறது.

குமரன்: அங்கேதான் சிக்னலே இல்லையே, வீடியோவெல்லாம் எப்படிப் பார்க்கிறீர்கள்?

தர்ஷினி: அதை ஏன் கேட்கிறாய் அண்ணா. என்பிடெல் என்ற ஆன்லைன் வகுப்பில் பாடம் ஒன்றுக்கு நாற்பது வீடியோ, எங்களிடம் இருப்பதில் ஒவ்வொன்றும் சுமார் 200 எம்பி. மொத்தம் 8 ஜிபி. என் டேட்டா பேக்கில் ஒரு நாளைக்கு 1.5 ஜிபிதான், அதனால் ஊருக்குப் போகிறவள் வீட்டு வைஃபையில் இறக்கிக்கொண்டு வருவாள், திங்கட்கிழமை ராத்திரிக்குள் அது மூன்று மாடியும் ஏறிவிடும். நெட் இல்லாமலே போனுக்குப் போன் அனுப்பும் குவிக் ஷேரில் ஒரு வீடியோவுக்கு எண்ணி இருபது நொடி. ஐபோன்காரிக்கு மட்டும் லேப்டாப் வழியாகத்தான், பாவம்.

குமரன்: எங்கள் காலத்தில் புளூடூத், ஒரு வீடியோவுக்குக் கால் மணி நேரம். போனை இரண்டு பக்கமும் அசைக்காமல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போவோம். அப்புறம் அதைவிட வேகமாக அனுப்பும் ஷேர்இட் ஆப் வந்தது. 2020 ஜூனில் 59 ஆப்களைத் தடை செய்தபோது டிக்டாக்கோடு அதுவும் அதே மாதிரியான ஸெண்டரும் போயின. டிக்டாக்குக்கு அழுதவர்கள் நிறைய, ஷேர்இட்டுக்கு அழுதது இன்ஜினியரிங் பசங்கள்தான் 😂

அத்தை: இப்படிக் கைமாற்றுவது திருட்டு இல்லையா?

தர்ஷினி: என்பிடெல் இலவசம்தான் அத்தை, ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துவது. இறக்கி வைத்துக்கொள்ளலாம். பல பாடங்களுக்குத் தமிழில்கூட எழுத்து வடிவம் உண்டு. புத்தகத்தை முழுதாக ஸ்கேன் செய்த பிடிஎஃபும் சுற்றுகிறது, அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பெரியப்பா: கான்கிரீட் வேலைக்கான விதிப் புத்தகம் ஐஎஸ் 456ஐ நாங்கள் காசு கொடுத்து வாங்கினோம். ஆபீஸில் ஒரே பிரதி, அதையும் ஏஇ (உதவிப் பொறியாளர்) பூட்டி வைத்திருப்பார்.

தர்ஷினி: இப்போது அதை வெளியிடும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தளத்தில் பதிவு செய்தால் இலவசம் பெரியப்பா. அதைத்தான் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், பயத்தில் கை நடுங்குகிறது.

பெரியப்பா: எதற்குப் பயம்? கணக்கைப் போடு. பில்லர் 230க்கு 230, நெடுக்குக் கம்பி 12, எல்லாம் மி.மீ. ரிங் இடைவெளி மூன்று அளவுகளில் சிறியதைத் தாண்டக் கூடாது. பில்லரின் குறைந்த பக்கம் 230, கம்பி விட்டத்தைப் போல 16 மடங்கு 192, அப்புறம் 300. மூன்றில் எது சிறியது?

தர்ஷினி: 192. அப்படியென்றால் 180 விதிக்குள்தான் வருகிறது!! 🙏

பெரியப்பா: வருகிறது. அதற்காக விட்டுவிட முடியாது, இன்னும் கான்கிரீட் போடவில்லை, பிரித்து 150இல் கட்டச் சொல்லிவிட்டேன். மேஸ்திரி முறைக்கிறார். நீ டாக்குமெண்டாக மறுபடி அனுப்பு.

தர்ஷினி: 📄 பில்லர்_விவரம்.பிடிஎஃப்

பெரியப்பா: தெளிவாக இருக்கிறது. மேஸ்திரி போனில் இது திறக்காதாம். பென்டிரைவில் போட்டு ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளில் எடுத்துக் கொண்டு போகிறேன்.

தர்ஷினி: பென்டிரைவ் வேண்டாம் பெரியப்பா!! போன மாதம் இங்கே ஒருத்தி கடையில் சொருகிவிட்டு வந்தாள், வைரஸ் ஏறி ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட் ஆகி, அது பாதி ஹாஸ்டலுக்குப் பரவிவிட்டது. கடைக்காரர் வாட்ஸ்அப் எண்ணை வாங்கி அவருக்கே அனுப்புங்கள்.

அத்தை: டாக்குமெண்டாக, அண்ணா

பெரியப்பா: தெரியும் 😐