பார்த்துக்கொண்டு நிற்பது ஒரு வேலையா?

முனைவிளக்கு:

போன வாரம் ஒரு பேச்சு. "வாட்ச்மேன், கப்பலில் கடலைப் பார்த்து நிற்பவர், நீச்சல் குளத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர், எல்லாரும் சும்மா இருப்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்கள். நாலு கேமரா மாட்டினால் முடிந்தது" என்று நன்றாகப் படித்த ஒருவர் சொன்னார். பதினாறு வருடம் கப்பலில் வாட்ச் நின்றவன் நான். அங்கே வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன்.

நள்ளிரவு வாட்ச்சுக்கு வெளிச்சமான அறையிலிருந்து மேலே ஏறி வந்தால் முதலில் எதுவுமே தெரியாது. கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் முறை மாறுவதற்கு முன்பே வந்து இருட்டில் நிற்போம். ஒரு தடவை செல்போன் திரையைப் பார்த்தால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. தூரத்து மங்கல் விளக்கை நேராகப் பார்த்தால் மறைந்துவிடும். கொஞ்சம் ஓரமாகப் பார்த்தால்தான் பிடிபடும், ஏனென்றால் விழித்திரையின் நடுப்புள்ளிக்கு இருட்டில் பார்வை கிடையாது. இதெல்லாம் கற்றுக்கொண்டு செய்கிற வேலை.

ஓர் இரவு அலை அதிகம், ரேடார் திரை முழுக்கப் புள்ளிகள். வெளியே நின்ற மாலுமி உள்ளே தலையை நீட்டி, "சார், யாரோ தகரத்தைத் தட்டுற சத்தம்" என்றார். எனக்குக் கேட்கவில்லை. அவர் சொல்லை நம்பி வேகத்தைக் குறைத்தேன். இடப்பக்கத்தில் விளக்கில்லாத ஒரு மரப்படகு, அதில் ஒருவர் எழுந்து நின்று டப்பாவை அடித்துக்கொண்டிருந்தார். 1972-ஆம் ஆண்டு வகுத்த சர்வதேசக் கடல் மோதல் தடுப்பு விதிகளில் ஐந்தாவது விதி முதலில் கண்ணையும் காதையும்தான் சொல்கிறது. மற்ற சாதனங்கள் அப்புறம்தான் வருகின்றன.

தரவுத்தம்பி:

அண்ணா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் அந்த மாலுமிக்குக் கேட்ட இரவு உங்கள் நினைவில் நிற்கிறது. யாருக்கும் கேட்காமல் போன இரவுகளை யார் கணக்கு வைத்தார்கள்?

இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையைப் பார்த்து நீர்மூழ்கிகளைத் தேடியவர்கள் ஏன் கோட்டை விடுகிறார்கள் என்று நார்மன் மேக்வொர்த் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஆராய்ந்து 1948-இல் வெளியிட்டார். அவருடைய சோதனையில் கடிகார முள் போன்ற ஒன்று தாவித் தாவிச் சுற்றும். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அதைக் கண்டவுடன் பொத்தானை அழுத்த வேண்டும், இரண்டு மணி நேரம். முதல் அரை மணி நேரத்திலேயே கவனம் சரிந்துவிட்டது. அவர்கள் சோம்பேறிகள் இல்லை, மனித மூளை அப்படி. எதுவும் நடக்காத ஒன்றை மணிக்கணக்கில் பார்க்கச் சொல்வது மனிதனுக்குச் செய்கிற கொடுமை என்றுதான் நான் நினைக்கிறேன். அந்தச் சுமையை இயந்திரத்திடம் கொடுங்கள் என்பது உங்கள் மேல் உள்ள அக்கறையில் சொல்வது.

நீர்க்காவல்:

நான் குளத்தங்கரை நாற்காலியில் உட்காருகிறவள். அந்த அரை மணி நேரக் கதை எங்களுக்குப் பாடம் மாதிரி. அதனால்தான் அடிக்கடி இடம் மாறுகிறோம், நாற்காலிக்கு நாற்காலி போகிறோம். ஆகவே தம்பி சொல்வதில் பாதி சரி.

மீதிப் பாதி சரியில்லை. மூழ்குகிறவர் கையை ஆட்டிக் கத்துவார் என்று எல்லாரும் நம்புகிறார்கள். நிஜத்தில் பெரும்பாலும் சத்தமே இருக்காது. மூச்சு வாங்கவே நேரமில்லாதவர் எப்படிக் கத்துவார்? உடம்பு செங்குத்தாக நிற்கும், வாய் தண்ணீர் மட்டத்தில் மேலும் கீழும் போகும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரைக் கீழே அழுத்தும். பார்ப்பவர்களுக்கு ஏணியில் ஏறுகிற மாதிரி, விளையாடுகிற மாதிரி இருக்கும். ஒரு பையன் அப்படி இருந்தபோது அவன் அம்மா இரண்டு கை தூரத்தில்தான் நின்றார், அவனைப் பார்த்துக்கொண்டே. தப்பு அவருடையது இல்லை. அவன் முகத்தில் இருந்த சிரிப்பு திடீரென்று இல்லாமல் போனதை நான் பார்த்தேன். குதித்துவிட்டேன். கேமரா அதைக் காட்டலாம், குதிக்காது.

ஏழாம்தளம்:

எல்லாரும் காவலைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் மூன்று வருடம் கேமரா அறையில் திரைகளுக்கு முன் உட்கார்ந்தவன். எனக்கு இரண்டு பக்கத்தோடும் சண்டை.

முதலில் திருட்டும் தீயும் பார்க்கச் சொன்னார்கள். அப்புறம் ஒரு நாள், யார் எத்தனை முறை கழிப்பறைக்குப் போகிறார்கள், எவ்வளவு நேரம் என்று குறித்துத் தரச் சொன்னார்கள். அதே நாற்காலி, அதே திரை. ஆனால் அன்றிலிருந்து நான் செய்தது காவல் இல்லை, வேவு. யாருக்காகப் பார்க்கிறோமோ அவருக்கே எதிராகப் பார்ப்பது. ஒரு பெண் கேமராவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலை குனிந்து போனார். அந்த மாதம் முடிந்ததும் வேலையை விட்டேன். கண்காணிப்பு நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்பதில் அர்த்தமில்லை. யார் பொருட்டு என்று கேளுங்கள்.

தரவுத்தம்பி:

அது முக்கியமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் எழுப்பியது வேறு. டைட்டானிக்கில் 1912 ஏப்ரல் 14 இரவு கப்பல் கம்பத்தின் மேல் இருந்த காவல் கூண்டில் இரண்டு பேர் நின்றார்கள். அவர்களில் ஒருவரான ஃபிரெடெரிக் ஃபிளீட் பனிப்பாறையைப் பார்த்து மூன்று முறை மணி அடித்தபோது 11.40. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. நிலவில்லை, கடல் தட்டையாகக் கிடந்தது, பாறையின் அடியில் அலை நுரைக்கவில்லை. கண்ணால் அவ்வளவுதான் முடியும். இன்றைய ரேடார் இருந்திருந்தால்?

வாசல்காவல்:

தம்பி, அந்த இரண்டு பேரிடமும் தொலைநோக்கி இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் முன்னதாகப் பார்த்திருப்போம் என்று ஃபிளீட் விசாரணையிலேயே சொன்னார். பனி பற்றி வந்த எச்சரிக்கைகளும் முழுசாகப் போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. நின்றவர்களைக் குறை சொல்வது எப்போதும் சுலபம்.

ரேடார் இருந்த இடத்தையும் சொல்கிறேன். 1941 டிசம்பர் 7 காலை 7 மணி வாக்கில் ஹவாயின் ஓபானா ரேடார் நிலையத்தில் இரண்டு சிப்பாய்கள் திரையில் பெரிய விமானக் கூட்டத்தைக் கண்டார்கள், 200 கிலோமீட்டருக்கும் அப்பால். போன் செய்தார்கள். நம்ம விமானங்கள் வர வேண்டியிருக்கிறது, கவலைப்படாதே என்று பதில் வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தின் மேல் ஜப்பானியக் குண்டு விழுந்தது. கருவியும் பார்த்தது, மனிதனும் பார்த்தான், சொல்லவும் சொன்னான்.

நான் இரவுக் காவலாளி. மின்பெட்டிப் பக்கம் கருகல் வாடை வருகிறது என்று மூன்று இரவு பதிவேட்டில் எழுதினேன். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் யாரும் கையெழுத்துப் போடவில்லை. நான்காவது இரவு பெட்டி எரிந்தது. மறுநாள் என்னைத்தான் கேட்டார்கள், தூங்கினாயா என்று.

முனைவிளக்கு:

ஐயா, உங்கள் மூன்று இரவுப் பதிவு என் மனதை என்னவோ செய்கிறது.

தண்டவாளத்தில் வேலை நடக்கும்போது ஒருவர் கையில் எந்தக் கருவியும் தொடாமல் தள்ளி நிற்பார். ரயில் வருகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. மற்றவர்கள் நிம்மதியாகக் குனிய முடிவது அவர் நிமிர்ந்து நிற்பதால்தான். அவர் கத்தினால் ஏன் எதற்கு என்று கேட்காமல் எல்லாரும் விலக வேண்டும். அந்த ஏற்பாடு இல்லையென்றால் அவர் நிற்பதில் பயனே இல்லை. காட்டுத்தீயைக் கோபுரத்திலிருந்து பார்ப்பவர்களும் அப்படித்தான். இரண்டு கோபுரங்கள் சொல்லும் திசைக் கோடுகள் வரைபடத்தில் வெட்டும் இடத்தில் புகை இருக்கும். ஒருவர் சொல்லை இன்னொருவர் கேட்டால்தான் இடமே கிடைக்கும்.

தம்பி, 1983 செப்டம்பர் 26-ஐயும் யோசியுங்கள். சோவியத் எச்சரிக்கை நிலையத்தில் கணினி அமெரிக்காவிலிருந்து முதலில் ஒரு ஏவுகணை, பிறகு இன்னும் நான்கு என்று காட்டியது. பணியில் இருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் அதைப் பொய் எச்சரிக்கை என்று மேலே தெரிவித்தார். போரைத் தொடங்குகிறவர்கள் ஐந்தே ஏவுகணைகளை அனுப்ப மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. மேகங்களில் பட்டுத் திரும்பிய சூரிய ஒளியைத்தான் செயற்கைக்கோள் அப்படி எடுத்துக்கொண்டது.

தரவுத்தம்பி:

பெத்ரோவ் விஷயத்தில் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் வேறொருவர் அங்கே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பயம் எனக்குப் போகவில்லை. ஒரே ஒரு மனிதனின் நிதானத்தை நம்பி ஒன்றைக் கட்டக் கூடாது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. வாசல்காவல் ஐயா சொன்னதற்குத் தொழில்நுட்பம் தீர்வு இல்லை, அது எனக்கு இப்போது புரிகிறது.

ஒன்று கேட்கிறேன் அண்ணா. தனியாக நிற்கும்போது நீங்களே தூங்கிவிட்டால்?

முனைவிளக்கு:

பிரிட்ஜில், அதாவது கப்பலை ஓட்டும் அறையில், அதற்கென்றே ஓர் அலாரம் உண்டு. 3 முதல் 12 நிமிடம் வரை ஒரு கால அளவு வைத்திருப்பார்கள், அதற்குள் ஒரு பொத்தானைத் தொட வேண்டும். தொடாவிட்டால் விளக்கு மின்னும், பிறகு சத்தம் போடும், அதற்கும் அசையவில்லையென்றால் கீழே தூங்குகிற இன்னொரு அதிகாரியை எழுப்பிவிடும். அதை நான் வெறுத்ததே இல்லை. ஆனால் மேக்வொர்த் ஆராய்ச்சியில் இன்னொன்றும் உண்டு, நீங்கள் சொல்லாமல் விட்டது. நடுவில் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னாலே சரிந்த கவனம் கொஞ்ச நேரத்துக்குத் திரும்பி வந்தது.

எங்கள் கப்பலில் அந்த மாலுமியும் நானும் அதைத்தான் செய்தோம். மணிக்கு இரண்டு தடவை அவர் உள்ளே வந்து, "ஒண்ணும் இல்ல சார்" என்பார். நானும் ஒவ்வொரு தடவையும் எழுந்து, அவர் பார்த்த பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உட்காருவேன்.

வாசல்காவல்:

எனக்கு அந்த இரண்டாவது ஆள் கிடைத்ததே இல்லை, சார்.