குறி, வாக்கு, பூ, ஜாதகம்: எல்லாத்துக்கும் ‘ஜோசியம்’னு எழுதலாமா?

வைகைக்கரை:
வணக்கம். உசிலம்பட்டி, செக்கானூரணி பக்கத்துப் பேச்சுவழக்குச் சொற்களைக் கல்லூரி ஆய்வேட்டுக்காகத் தொகுத்துக்கிட்டு இருக்கேன். எங்க அப்பத்தா பேச்சுல ‘குறி கேக்க’, ‘வாக்கு கேக்க’, ‘பூப் போட்டுப் பாக்க’, ‘சாதகம் பாக்க’, ‘கோடாங்கி பாக்க’ எல்லாம் தனித்தனியா வருது. எல்லாமே எதிர்காலத்தைச் சொல்றதுதானே? ஒரே பொருளா ‘ஜோசியம் பார்த்தல்’னு போடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

திருமங்கலத்துக்காரி:
தம்பி, தயவுசெஞ்சு அப்படிப் போட்டுடாதீங்க. நம்ம பக்கத்துல இந்த அஞ்சும் அஞ்சு காரியம்.

மொதல்ல அந்த ‘எதிர்காலம்’ங்கிறதைக் கொஞ்சம் தள்ளி வைங்க. குறி கேக்கப் போறவுக எத்தனையோ பேரு நாளைக்கு என்ன நடக்கும்னு கேக்கப் போறதில்ல. பிள்ளைக்கு ஏன் காச்சல் விட மாட்டேங்குது, அவுத்துக்கிட்டுப் போன மாடு எந்தத் திக்குல நிக்குது, குலசாமிக்கு என்ன குறை வச்சோம், இதைத்தான் கேக்குறாக. நடந்து முடிஞ்சதுக்குக் காரணம் தேடிப் போறது அது.

எங்க வீட்டுத் திண்ணையிலேயே கோடாங்கி உக்காந்து நான் பாத்திருக்கேன். ராத்திரிச் சாப்பாடு முடிஞ்சு ஊர் அடங்கினப்புறம்தான் ஆரம்பிப்பார். தட்டுல வெத்தலை பாக்கு, எலுமிச்சம்பழம், சூடம், காணிக்கை. உடுக்கையை மெதுவா அடிச்சுத் தன் தெய்வத்தை வருணிச்சுக் கூப்பிடுவார். அடி வேகமாகும், குரல் மாறும். அப்புறம் கேள்வி வரும். “கன்னிமூலையில மரம் நின்னுச்சா? அதை வெட்டினீகளா?” வீட்டு ஆளு “ஆமா சாமி”ன்னோ “இல்ல சாமி”ன்னோ சொல்லணும். ‘இல்ல’ன்னா உடுக்கை மறுபடி அடிச்சு வேற பக்கம் திரும்பும். பதில் வராம குறி ஒரு அடி நகராது. அதனாலதான் அது ‘கேக்குறது’. ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துற பேச்சு அது.

ஜாதகம் அப்படியில்ல. கட்டம் எதிர்ல இருக்கு, நீங்க வாயே திறக்க வேண்டாம், அவர் பாத்துச் சொல்லிடுவார். அது ‘பாக்குறது’.

வாக்குங்கிறது களரியில, அதாவது சாமியாடுற கோயில் திடல்ல, சாமியாடி மேல இறங்கின தெய்வமே பேசுறது. “நான் இருக்கேன், போ”ன்னு ‘நான்’ போட்டுத்தான் வரும். அதை மறுத்துப் பேசவும் கூடாது, சந்தேகம் கேக்கவும் கூடாது. முக்கால்வாசி அது கட்டளை, இல்லாட்டி உறுதிமொழி.

பூப் போட்டுப் பாக்குறதுல பேச்சே கிடையாது. வெள்ளைப் பூவும் செவப்புப் பூவும் தனித்தனி இலையில மடிச்சு சாமி முன்னால போட்டு, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்றது. எந்த நெறம் வந்தா சம்மதம்னு முன்கூட்டியே நெனச்சுக்கணும். செய்யலாமா வேணாமா, இந்த ஒண்ணைத்தான் கேக்க முடியும். ‘எப்போ’, ‘எங்கே’ன்னா பூ பதில் சொல்லாது.

குடுகுடுப்பைக்காரரையும் சேத்துக்கங்க. விடியிறதுக்கு முன்னாடி வாசல்ல வந்து “நல்ல காலம் பொறக்குது”ன்னு, யாரும் கேக்காமலே சொல்றவர் அவர். எதிர்காலம்னா அதுதான் எதிர்காலம்.

மேலூரான்:
அக்கா வினைச்சொல்லைப் பிடித்தது மிகச் சரி. பழைய இலக்கியத்திலும் அப்படித்தான். முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லைப்பூவும் தூவிக் கைதொழுது ‘விரிச்சி நிற்கிறார்கள்’. கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை, யார் வாயிலிருந்தாவது நல்ல சொல் வரட்டும் என்று நிற்கிறார்கள். தாயைக் காணாமல் தவிக்கும் கன்றிடம் ஓர் ஆயர்மகள் “இன்னே வருகுவர் தாயர்” என்கிறாள். கன்றுக்குச் சொன்னது, போருக்குப் போன தலைவன் திரும்புவான் என்பதற்கு நற்சொல்லாகிவிடுகிறது.

தொல்காப்பியம் ‘கட்டினும் கழங்கினும்’ என்று இரண்டாகப் பிரிக்கிறது. கட்டு என்பது முறத்து நெல்லை எண்ணிப் பார்ப்பது. கழங்கு என்பது முருகன் பூசாரியான வேலன் கழற்சிக்காயை வைத்துப் பார்ப்பது. மகளின் மெலிவுக்கு என்ன காரணம் என்று தாய் கேட்கும் இடம் அது. அக்கா சொன்ன ‘ஏன்’தான் அங்கேயும்.

தேதியோடு முன்கூட்டிச் சொன்னதற்கு நம் ஊரே சாட்சி. சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம், ஆடித் தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை மதுரை எரியும் என்ற ‘உரை’ முன்பே உண்டு என்கிறது. அதற்குக் குறி என்றோ கணி என்றோ பெயரில்லை, உரைதான். கணி என்றால் நாள் கணிப்பவர். இன்றைய ‘கருத்துக்கணிப்பு’க்கும் அதே வேர்தான்.

வைகைக்கரை:
ரொம்ப நன்றி அக்கா, ஐயா. ஒரே ஒரு சந்தேகம். குறி கேக்குறதுன்னா, அதே ஆளுகிட்டப் போறதை மட்டும் அப்பத்தா ஏன் ‘கோடாங்கி பாக்க’ன்னு சொல்லுது?

திருமங்கலத்துக்காரி:
அது ‘வைத்தியம் பாக்க’ங்கிறதுல வர்ற பாக்க, தம்பி. கோடாங்கி சொல்றதோட எந்திரிச்சுப் போறவர் இல்ல. திருநீறு போட்டு, கயிறு கட்டி, தோஷம் போகக் கழிப்பும் கழிச்சுட்டுத்தான் போவார். ‘குறி கேக்க’ன்னா கேள்வி மட்டும், ‘கோடாங்கி பாக்க’ன்னா பரிகாரம் வரைக்கும் சேர்த்து. ரெண்டையும் தனிப் பதிவாவே போடுங்க. அப்பத்தா சொன்ன வாக்கியத்தை அப்படியே கீழ எடுத்துக்காட்டா எழுதுங்க, திருத்தாம.