தியேட்டர் ‘சும்மா கிடக்கும்’ அந்த 35 நிமிஷம்

தியேட்டர்_சிஸ்டர்:
ஆபரேஷனுக்குக் காத்திருப்போர் பட்டியல் ஏன் நீளுதுங்கிற பேச்சுல கணக்கர் எழுதினதைப் படிச்சதிலிருந்து மனசு ஆறலை. அவர் சொன்னது இது: “ஒரு கேஸ் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை 35 நிமிடம் தியேட்டர் சும்மா கிடக்கிறது. நாளுக்கு 5 கேஸ் என்றால் நடுவில் 4 இடைவெளி, 140 நிமிடம் வீண். அதை 10 நிமிடமாக்கினால் புதுத் தியேட்டரே கட்ட வேண்டாம்.”

சும்மா கிடக்குதாம்! அந்த 35 நிமிஷத்துல நடக்கிறதைச் சொல்றேன், கேளுங்க. ரத்தம் ஊறின துணி, பஞ்சு, ஊசி, பிளேடு எல்லாத்தையும் தனித்தனியா பிரிச்சு வெளியே அனுப்பணும். டேபிள், விளக்குக் கைப்பிடி, மயக்க மருந்து மெஷின், தரை எல்லாம் துடைக்கணும். கிருமிநாசினி தடவின உடனே துடைச்சு எடுத்துட முடியாது, அது ஈரமா நிக்க வேண்டிய நேரம் நின்னாதான் வேலை செய்யும். அடுத்தவருக்கான ட்ரேயைப் பிரிச்சு, கருவி, பஞ்சு, ஊசி எல்லாத்தையும் ரெண்டு பேரா வாய்விட்டு எண்ணி எழுதணும். அப்புறம் பேர் என்ன, எந்தப் பக்கம், என்ன ஒவ்வாமைன்னு கேட்டுச் சரிபார்க்கணும். உலக சுகாதார நிறுவனம் 2008ல கொடுத்த சரிபார்ப்புப் பட்டியல்ல 19 அம்சம் இருக்கு. இதுல எதை விடச் சொல்றீங்க?

கணக்கர்:
யாரையும் சோம்பேறி என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனையிலேயே அதிகச் செலவு பிடிக்கும் அறை அது. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் 2015இல் சொன்னதை நினைவுபடுத்துகிறேன்: உலகில் ஆண்டுக்குச் சுமார் 31.3 கோடி அறுவை சிகிச்சைகள் நடக்கின்றன, இன்னும் 14.3 கோடி தேவை. அவை எங்கிருந்து வரும்? டேபிளில் கத்தி படாத ஒவ்வொரு நிமிடமும் வெளியே காத்திருப்பவரின் நிமிடம். 35 என்பது 35தான்.

மயக்கவியல்:
கத்தி படாத நேரம் எல்லாம் வீணா? நான் மூச்சுக்குக் குழாய் போடுவதும், முதுகில் ஊசி போட்டு மருந்து இறங்கக் காத்திருப்பதும், முடிந்தபின் நோயாளி தானாக மூச்சு விடுகிறாரா என்று பார்த்துக் குழாயை எடுப்பதும் உங்கள் கணக்கில் சும்மாவா? முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். உங்கள் 35 எங்கிருந்து எதுவரை? கடைசித் தையலிலிருந்து அடுத்த கீறல் வரையா, நோயாளி வெளியே போனதிலிருந்து அடுத்தவர் உள்ளே வரும்வரையா?

கணக்கர்:
பதிவேட்டில் இருக்கிற 35. நானாகப் போட்ட எண் அல்ல.

தியேட்டர்_சிஸ்டர்:
பதிவேட்டை எழுதறதே நாங்கதான் சார். எந்த நிமிஷத்துல ஆரம்பிச்சு எழுதணும்னு எங்களுக்கு யாரும் சொன்னதே இல்லை. ஒருத்தர் கட்டுப் போட்டதும் எழுதுவார், ஒருத்தர் ஸ்ட்ரெச்சர் கதவைத் தாண்டினதும் எழுதுவார்.

கத்திமுனை:
நான் அறுவை மருத்துவன். கணக்கர் சொல்வதில் முக்கால்வாசி சரி. கைகழுவி, கவுன் போட்டு நின்றால், “ட்ரே இன்னும் வரவில்லை” என்பார்கள். 35 நிமிடம் என்பதே குறைத்துச் சொன்னது. எத்தனையோ நாள் 50 ஆகியிருக்கிறது.

தியேட்டர்_சிஸ்டர்:
ட்ரே ஏன் வரலைன்னு என்னைக்காவது கேட்டிருக்கீங்களா டாக்டர்? ஒரே செட்டை அடுத்தடுத்து மூணு கேஸுக்குப் போட்டுட்டு உடனே கொடுன்னா எப்படி? ஆட்டோகிளேவ்ல, அதான் நீராவியில கிருமி நீக்கற மெஷின்ல, 134 டிகிரியில 3 நிமிஷம் வச்சா கிருமி சாகும், அது சரி. அதுக்கு முன்னாடி கழுவணும், பிரிக்கணும், பொதியணும், காத்தை வெளியேத்தணும். அப்புறம் காயணும், ஆறணும். மொத்தத்துல ஒரு மணி நேரம் தாண்டிடும். செட்டு குறைவா வாங்கி வச்சதுக்கு என் 35 நிமிஷத்தைப் பிடிக்கிறாங்க. 8 மணி கேஸுக்கு 8:40க்கு வர்ற டாக்டரோட 40 நிமிஷத்தை மட்டும் யாரும் பிடிக்கிறதில்லை.

கத்திமுனை:
இது தனிநபர் தாக்குதல். வார்டில் நோயாளிகளைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன், வீட்டில் தூங்கிவிட்டு அல்ல.

தியேட்டர்_சிஸ்டர்:
நான் யார் பேரையும் சொல்லலையே.

மயக்கவியல்:
என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. அது கிடக்கட்டும், கணக்கரின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 35 ஒருநாளும் 10 ஆகாது. எல்லோரும் ஓடி ஓடி வேலை செய்தால் இடைவெளிக்கு 6 நிமிடம் குறையும். 4 இடைவெளிக்கு 24 நிமிடம். அந்த 24 நிமிடத்தில் எந்தக் குடலிறக்க ஆபரேஷனைச் செய்வீர்கள்? அதுவும் சேர்ந்தாற்போல் கிடைக்காது, நாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

கணக்கர்:
கண்புரை ஆபரேஷன் 24 நிமிடத்தில் முடியும்.

மயக்கவியல்:
எலும்பு ஆபரேஷன் நடக்கும் அறையில் கண்புரையா? மைக்ரோஸ்கோப்பை யார் தூக்கி வருவது?

கணக்கர்:
ரோபோ வைத்துச் செய்யும் ஆபரேஷன் பற்றி இங்கே முன்பு நடந்த விவாதத்திலும் இப்படித்தான். எந்த எண்ணைக் கொடுத்தாலும் “நீ தியேட்டருக்குள் வந்ததுண்டா” என்ற தொனி. வெளியில் இருப்பவனுக்கு எண்ணத் தெரியாதா?

மயக்கவியல்:
அந்த விவாதத்தில் நீங்கள் ரோபோவைப் பொருத்தும் நேரத்தைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அன்று சொன்னதையே இன்றும் சொல்கிறேன்.

வரிசை:
இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில் ஒரு மருத்துவமனை, 32 தியேட்டர், எல்லாம் எப்போதும் நிரம்பியிருந்தன. வேலையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அவசரக் கேஸ். அது வரும்போதெல்லாம் ஏற்கெனவே நேரம் கொடுத்தவர்களைத் தள்ளிப்போட்டார்கள், வேலை இரவுவரை இழுத்தது. 2002இல் ஒரு தியேட்டரை அவசரத்துக்கென்று ஒதுக்கி, வேறு எதையும் அதில் போடாமல் விட்டார்கள். மொத்த ஆபரேஷன்கள் 5.1 சதவீதம் கூடின. பிற்பகல் 3 மணிக்குப் பிந்தைய கேஸ்கள் 45 சதவீதம் குறைந்தன. நூற்றுக்கு நூறு நிரப்பிய இடத்தில் சிறு தாமதம்கூட அடுத்தடுத்து எல்லாரையும் தள்ளும். பேச வேண்டியது இதை.

கணக்கர்:
அதாவது 35 நிமிடம் போதாது, நாள் முழுக்க ஓர் அறையைக் காலியாக விட வேண்டும் என்கிறீர்கள்.

வரிசை:
காலியாக அல்ல, ஒதுக்கி. அவசரக் கேஸ் எங்கே போகும் என்பது முன்பே தெரிந்துவிட்டதால் மற்ற 31 அறைகளும் குலையாமல் ஓடின.

கணக்கர்:
32 தியேட்டர் இருப்பவர் ஒன்றை ஒதுக்கலாம். இரண்டே தியேட்டர் வைத்திருப்பவர்? பாதியைப் பூட்டுவதா? எங்கோ ஒரு பெரிய மருத்துவமனையைக் காட்டி இங்கே 35 நிமிடத்தை மறைக்க வேண்டாம்.

தியேட்டர்_சிஸ்டர்:
திரும்பவும் 35! சரி, அந்த 35ல நோயாளியை வெளியே எடுக்க முடியாம நிக்கிற நேரமும் இருக்கு, தெரியுமா உங்களுக்கு? மயக்கம் தெளியற வரைக்கும் வைக்கிற ரெக்கவரி அறையில கட்டில் இல்லை. வார்டுல இடம் காலியானாதான் ரெக்கவரியில இருக்கறவர் நகருவார். பெரிய கேஸ்னா ஐசியூ படுக்கை வேணும். அதுவரைக்கும் ஆபரேஷன் முடிஞ்சவர் டேபிள்லயே இருப்பார், மயக்க டாக்டர் பக்கத்துலயே நிப்பார், நாங்களும் நிப்போம். ஒரு கட்டில் இல்லாததால தியேட்டர் அடைபட்டுக் கிடக்கும், பழி எங்க துடைப்பத்து மேல விழும். பத்து தியேட்டர் புதுசா கட்டுங்க. ரெக்கவரி கட்டில், சிஸ்டர், டெக்னீஷியன் இல்லாம கட்டினா பத்தும் அடைபடும். நாங்க ஓடிட்டுதான் இருக்கோம். சாப்பாட்டை விட்டுட்டு ஓடறோம். வெளியே காத்திருக்கறவங்க முகத்தை உங்களைவிட நாங்கதான் பக்கத்துல பார்க்கறோம். அவங்க பேர்ல எங்களுக்கு அக்கறை இல்லைங்கிற மாதிரி பேசாதீங்க.

கணக்கர்:
அக்கறை பற்றி யாரும் பேசவில்லை. இடைவெளி 35ஆ இல்லையா என்பதுதான் கேள்வி. இதுவரை ஒருவரும் “இல்லை” என்று சொல்லவில்லை.

மயக்கவியல்:
எது 35 என்று நீங்கள்தான் சொல்லவில்லை.

கத்திமுனை:
எண்ணுவதை மட்டும் விரைவாக்கினாலே 5 நிமிடம் மிஞ்சும். நோயாளி உள்ளே வந்த பிறகும் எண்ணிக்கொண்டே நிற்கிறார்கள்.

தியேட்டர்_சிஸ்டர்:
டாக்டர், தொடங்கும்முன் ஒரு தடவை, வயித்தை மூடும்முன் ஒரு தடவை, தோல் தைக்கும்போது ஒரு தடவை. ஒரு பஞ்சு குறைஞ்சா எக்ஸ்ரே எடுத்துத் தேடணும். உள்ளே விட்டுட்டு மூடினா திரும்பத் திறக்கணும், அது எத்தனை நிமிஷம்? எண்ணறதைக் குறைக்கணும்னு உங்க கையெழுத்துல எழுதிக் கொடுங்க, நான் குறைக்கிறேன்.

கத்திமுனை:
குறைக்கச் சொல்லவில்லை. விரைவாக்கச் சொன்னேன். என் சொல்லைத் திரிக்காதீர்கள்.

தியேட்டர்_சிஸ்டர்:
கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?