மறுபடியும் பக்ஸ் கவுண்ட்டியா, வேறு மாநிலமா? 2028க்கு எங்கே உழைப்பது?

எடிசன் கல்யாணி:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் நியூஜெர்சியில் எடிசனில் இருக்கிறேன். 2023ல் குடியுரிமை கிடைத்தது. அதிபர் தேர்தலில் முதல் ஓட்டு 2024ல்தான். அந்த வருடம் முழுக்க எங்கள் வீட்டுக் கதவை ஒருவர்கூடத் தட்டவில்லை. பென்சில்வேனியாவில், பென்சேலத்தில் இருக்கும் என் சித்தி மகள் வீட்டிலோ தபால்பெட்டி தினமும் பிரசுரங்களால் நிரம்பி வழிந்தது. இரண்டு பேருக்கும் நடுவே இருப்பது டெலாவேர் ஆறு மட்டும்தான். அந்த வித்தியாசம் மனதை உறுத்தியது. செப்டம்பர் கடைசியிலிருந்து ஐந்து சனிக்கிழமை, ஜனநாயகக் கட்சிக்காகப் பாலத்தைத் தாண்டி, பென்சேலம் இருக்கும் பக்ஸ் கவுண்ட்டிக்குப் (மாவட்டம் மாதிரி) போனேன்.

கையில் மினிவேன் என்ற செயலி. எந்த வீட்டைத் தட்ட வேண்டும், அங்கே யார் பெயரைக் கேட்க வேண்டும் என்று அது சொல்லும். லெவிட்டவுனில் ஒரு தாத்தா தபால் ஓட்டை உறையில் போட்டு ஒட்டிக் கையெழுத்தும் போட்டு வைத்திருந்தார். "உள்ளே ரகசிய உறை போட்டீர்களா?" என்று கேட்டேன். விழித்தார். சமையலறை மேசையில், கேஸ் பில்லுக்கு அடியில், அந்த உள் உறை காலியாகக் கிடந்தது. பென்சில்வேனியாவில் அந்த உள் உறை இல்லாமல் வரும் ஓட்டை எண்ண மாட்டார்கள். கவுண்ட்டி தேர்தல் அலுவலகத்தைக் கூப்பிடச் சொல்லி, நம்பரை அவருடைய காலண்டரிலேயே எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரம் அதே தெருவில் நடந்தபோது வாசலில் நின்று கையை ஆட்டி, "புது ஓட்டுச்சீட்டு வாங்கிப் போட்டுவிட்டேன்!" என்றார்.

கடைசியில் பக்ஸ் கவுண்ட்டி சில நூறு ஓட்டில் டிரம்ப் பக்கம் போனது. 1988க்குப் பிறகு அங்கே குடியரசுக் கட்சி அதிபர் வேட்பாளர் ஜெயித்தது அதுதான் முதல் முறை. எத்தனையோ இரவு அந்த சில நூறு வீடுகளை நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.

2028 அதிபர் தேர்தலுக்காக இப்போது எங்கள் பகுதியில் 14 பேர் சேர்ந்திருக்கிறோம். சனிக்கிழமைகள் இருக்கின்றன, கொஞ்சம் பணமும் இருக்கிறது. மறுபடியும் பக்ஸ் என்கிறார்கள் சிலர். ஜார்ஜியா, வட கரோலினா என்கிறார்கள் சிலர். 40 எலக்டோரல் ஓட்டு (அதிபரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்துக்கு ஒதுக்கிய ஓட்டு) உள்ள டெக்சாஸை விட்டுவிட்டு என்ன பேச்சு என்கிறார் ஒரு மாமா. நியூஜெர்சியிலேயே 2020ல் 16 புள்ளியாக இருந்த வித்தியாசம் 2024ல் 6 ஆகிவிட்டது, முதலில் சொந்த வீட்டைப் பாருங்கள் என்கிறார் இன்னொருவர். ஒரு கட்சி இதை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும்? கணக்கோடு சொல்லுங்கள்.


கேரி முருகவேல்:

கல்யாணி, அந்த உறையைப் பற்றிப் படித்தபோது எனக்கு மனசு நிறைந்தது. நான் 22 வருடமாக வட கரோலினாவில் இருக்கிறேன், 2008 முதல் ஜனநாயகக் கட்சித் தன்னார்வலன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தேர்தலுக்கான மாநிலம் வேறு, பத்து வருடத்துக்கான மாநிலம் வேறு. எங்கள் கட்சி இரண்டையும் ஒரே பட்டியலில் எழுதிக் குழப்பிக்கொள்கிறது.

முதலில் இந்தத் தேர்தல் கணக்கு. 2024ல் ஏழு ஸ்விங் மாநிலங்கள், அதாவது எந்தப் பக்கமும் சாயக்கூடியவை. அவற்றின் எலக்டோரல் ஓட்டு: பென்சில்வேனியா 19, ஜார்ஜியா 16, வட கரோலினா 16, மிச்சிகன் 15, அரிசோனா 11, விஸ்கான்சின் 10, நெவாடா 6. ஏழும் டிரம்ப்புக்கே போயின. எங்கள் வேட்பாளர் கமலா ஹாரிஸ் பெற்றது 226. அதோடு பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சினின் 44ஐக் கூட்டிப் பாருங்கள். சரியாக 270, அதிபராகத் தேவையான எண்ணிக்கை. அந்த 226க்குள், தொகுதிவாரியாகவும் ஓட்டைப் பிரிக்கும் நெப்ராஸ்காவில் ஒமாஹா தொகுதியின் ஒற்றை ஓட்டும் இருக்கிறது. அது கை நழுவினால் 269, அப்புறம் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போய்விடும். மூன்று மாநிலமும் ஒரு நகரமும் என்று எவ்வளவு மெல்லிய கயிற்றில் நடக்கிறோம் பாருங்கள்.

அந்த மூன்றும் 1992லிருந்து ஒன்பது அதிபர் தேர்தலிலும் ஒரே பக்கம்தான் சாய்ந்திருக்கின்றன. மூன்று தனித்தனி லாட்டரிச் சீட்டு வாங்கியதாக நினைக்காதீர்கள், பெரும்பாலும் அது ஒரே சீட்டுதான். அதனால்தான் வேறு காற்றில் அசையும் மாநிலம் ஒன்றும் கூடவே வேண்டும் என்கிறேன். வடக்கே ஆலை மூடிய ஊர்களின் கோபம் தேர்தலைத் தீர்மானிக்கிறது. எங்கள் பக்கம் புதிதாகக் குடிவருகிறவர்களும் புறநகரும் கல்லூரி ஊர்களும்.

போன முறை எங்கே குறைந்த ஓட்டில் தோற்றோமோ, எங்கே குறைந்த ஓட்டில் ஜெயித்தோமோ அங்கேதான் போக வேண்டும் என்பதும் பாதி உண்மைதான். 2020ல் அரிசோனாவில் பைடன் ஜெயித்தது 10,457 ஓட்டில். நாலே வருடத்தில் அதே மாநிலத்தை ஹாரிஸ் ஐந்தரை சதவீதத்தில் இழந்தார். ஆனால் அதே நாளில் அங்கே செனட் இடத்தை ரூபன் காயேகோ ஜனநாயகக் கட்சிக்காக ஜெயித்தார். மிச்சிகன், விஸ்கான்சின், நெவாடாவிலும் அதே கதைதான். அதிபரில் தோல்வி, செனட்டில் வெற்றி. அப்படியென்றால் அந்த ஊர்களில் நம்மைக் கேட்கத் தயாராக இருக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு மாநிலத்தை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: மேலே தோற்ற இடத்தில் கீழே யார் ஜெயித்தார்கள்?

2016ஐ மறக்கவே கூடாது. பொதுத்தேர்தல் பிரசாரத்தில் ஹிலாரி கிளின்டன் விஸ்கான்சினுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் அரிசோனாவுக்குப் போனார். விஸ்கான்சினை இழந்தது 22,748 ஓட்டில், மிச்சிகனை 10,704 ஓட்டில். விரிவடைய ஆசைப்படுவது தப்பில்லை. வீட்டுக் கதவைத் திறந்து போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பியதுதான் தப்பு.

டெக்சாஸ் பற்றி அந்த மாமாவிடம் சொல்லுங்கள். ஜனநாயகக் கட்சி அங்கே மாநில அளவில் எந்தப் பதவியையும் ஜெயித்தது 1994ல்தான், அதற்குப் பிறகு இல்லை. 2018 செனட் தேர்தலில் எங்கள் கட்சியின் பீட்டோ ஓ'ரூர்க் 2.6 சதவீதத்தில் தோற்றபோது எனக்கும் ஆசை வந்தது. 2024ல் வித்தியாசம் 13 சதவீதத்துக்கும் மேல். அங்கே டிவி விளம்பரத்துக்கு மட்டும் 20 தனித்தனிச் சந்தைகள். அங்கே கரையும் பணத்தில் விஸ்கான்சினில் எவ்வளவோ செய்யலாம். டெக்சாஸுக்கு வேண்டியது அங்கேயே வாழும் ஆட்கள், வருடக்கணக்கில். நியூஜெர்சியிலிருந்து போகும் சனிக்கிழமை அங்கே பலிக்காது.

இனி பத்து வருடக் கணக்கு. எலக்டோரல் ஓட்டைப் பங்கிடுவது 2028 வரைக்கும் 2020 மக்கள்தொகைக் கணக்குதான். 2032ல் புதுக் கணக்கு வரும். 2020லேயே டெக்சாஸுக்கு 2, ஃபுளோரிடாவுக்கும் எங்களுக்கும் ஒவ்வொன்று கூடியது. பென்சில்வேனியா, மிச்சிகன், நியூயார்க் ஒவ்வொன்று இழந்தன. நியூயார்க் கணக்கில் இன்னும் 89 பேர் இருந்திருந்தால் அந்த இடம் தப்பியிருக்கும். ஜனங்கள் இன்றும் தெற்கே நகர்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். 2032ல் அந்த 44 போதும் என்று நம்பி உட்கார முடியாது.

அதனால் என் ஓட்டு வட கரோலினாவுக்கு. சொந்த ஊர்ப் பாசம் என்று நினைக்காதீர்கள். 2008ல் ஒபாமா இங்கே 14,177 ஓட்டில் ஜெயித்தார். அதற்குப் பிறகு நாலு அதிபர் தேர்தலிலும் தோல்விதான். ஒவ்வொரு முறையும் கிட்டே வந்து தோற்கிறோம். காரணத்தை நான் என் கண்ணால் பார்க்கிறேன். செப்டம்பரில் கட்சிக்காரர்கள் வருவார்கள், வாடகைக்கு அலுவலகம் பிடிப்பார்கள், நவம்பர் இரண்டாம் வாரம் நாற்காலிகளைக்கூட எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இங்கே 2022லிருந்து எந்தக் கட்சியிலும் பதியாதவர்கள்தான் பெரிய கூட்டம். அவர்களோடு யார் வருடம் முழுக்கப் பேசுகிறார்கள்?

2024ல் எங்கள் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி தேர்தலில் எங்கள் கட்சியின் அலிசன் ரிக்ஸ் ஜெயித்தது 734 ஓட்டில். தோற்றவர் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளைச் செல்லாதாக்கக் கேட்டார். வழக்கு 2025 மே வரை இழுத்தது. அந்தப் பட்டியல் வெளியான ராத்திரி, எங்கள் தெருக்காரர்கள் பெயர் இருக்கிறதா என்று நானும் என் மகளும் லேப்டாப்பில் வரிவரியாகத் தேடினோம். மூன்று பேர் இருந்தார்கள். மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அந்த மூன்று பேருமே இன்று எங்களோடு வீடு வீடாக வருகிறார்கள். 2026ல் செனட்டுக்கு எங்கள் முன்னாள் ஆளுநர் ராய் கூப்பர் நிற்கிறார். 2028க்கான வேலை இப்போதே நடந்துகொண்டிருக்கிறது, கல்யாணி.


டிராய் ராஜேஷ்:

நான் மிச்சிகனில் இருக்கிறேன், குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போட்டவன். இருந்தாலும் கேள்வி நல்ல கேள்வி என்பதால் எழுதுகிறேன்.

முருகவேல் அண்ணா சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. 2016க்கு முன்னால் மிச்சிகனும் பென்சில்வேனியாவும் ஆறு தேர்தலாக உங்கள் கட்சிக்குத்தான் போட்டன. எங்கள் கட்சிக்குள்ளேயே பலர் அவற்றைக் கைகழுவியிருந்தார்கள். வெளிநாட்டு வர்த்தக ஒப்பந்தத்தால் வேலை போனது, ஆலை மூடியது என்று அங்கே போய்ப் பேச ஒரு விஷயம் கிடைத்தது. விஷயம் கிடைத்த பிறகுதான் மாநிலம் ஸ்விங் ஆனது.

இன்னொரு உதாரணம் டியர்பார்ன், எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. அரபு அமெரிக்கர்கள் நிறைந்த ஊர். 2020ல் பைடனுக்கு அள்ளிக் கொடுத்தது. 2024ல் காஸா காரணமாக டிரம்ப்புக்கு 42 சதவீதம், ஹாரிஸுக்கு 36தான். அங்கே எத்தனை கதவு தட்டியிருந்தாலும், சொல்லப் பதில் இல்லையென்றால் என்ன செய்வது? மாநிலத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அங்கே போய் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். எங்கள் கட்சிக்கும் நான் இதையேதான் சொல்கிறேன். நியூஜெர்சியில் 6 புள்ளிக்கு வந்துவிட்டோம் என்று கொண்டாடினோம். 2025 ஆளுநர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் மிக்கி ஷெரில் எங்களை 10 சதவீதத்துக்கும் மேலான வித்தியாசத்தில் தோற்கடித்தார். 2024ல் நெருங்கி வந்தது டிரம்ப்புக்குக் கிடைத்த ஓட்டு, அது கட்சிக்கு வந்து சேரவில்லை.


ஜான்ஸ் க்ரீக் ப்ரியா:

ராஜேஷ் சொல்வதற்கு எங்கள் ஜார்ஜியாவே சாட்சி. 2025 நவம்பரில் மின்கட்டணத்தைத் தீர்மானிக்கும் ஆணையத்தின் இரண்டு இடங்களுக்குத் தேர்தல் வந்தது. ஜனநாயகக் கட்சி இரண்டையும் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தது. பேசியதெல்லாம் கரண்ட் பில் பற்றித்தான். எங்கள் வீட்டுக்கு எதிர்வீட்டு அம்மா இரண்டு மாத பில்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எனக்குக் காட்டினார். அவர் இத்தனை வருடமும் குடியரசுக் கட்சிக்காரர்.

எனக்கு ஒரு சந்தேகம். நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். ஓட்டு இல்லை. பணமாவது, வேலையாவது செய்ய முடியுமா? பயமாக இருக்கிறது.


கேரி முருகவேல்:

ப்ரியா, பணம் கொடுக்கவே கூடாது. எந்த மட்டத் தேர்தலுக்கும் ஒரு டாலர்கூட வேண்டாம். அது சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு இருந்தால்தான் நன்கொடை கொடுக்கலாம். சம்பளம் வாங்காமல் தன்னார்வலராகப் போன் பேசுவது, வீடு வீடாகப் போவது இதெல்லாம் செய்யலாம். ஆனால் கட்சியோ வேட்பாளரோ பணத்தை எங்கே செலவு செய்வது என்று முடிவெடுக்கும் இடத்தில் உட்காரக்கூடாது. ஓட்டர் பதிவுப் படிவத்தில் உங்கள் பெயரை மட்டும் தவறிக்கூட எழுதிவிடாதீர்கள். குடியுரிமை கேட்கும்போது பெரிய சிக்கலாகும்.

ராஜேஷ், டியர்பார்ன் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். அந்த வலியைக் கேட்டிருக்க வேண்டும்.


எடிசன் கல்யாணி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று ராத்திரி இதையெல்லாம் எங்கள் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். முருகவேல் அண்ணா, நாற்காலிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நீங்கள் எழுதிய இடத்தில் எல்லோரும் அமைதியாகிவிட்டார்கள். நாங்களும் 2024 நவம்பருக்குப் பிறகு லெவிட்டவுனுக்கு ஒருமுறைகூடப் போகவில்லை.

முடிவு இதுதான். நேரில் போய் வரும் தூரத்தில் இருப்பது பக்ஸ். அதை விடுவதாக இல்லை. 2026லேயே அங்கே ஆளுநர் தேர்தலும், குடியரசுக் கட்சியின் பிரையன் ஃபிட்ஸ்பேட்ரிக்கின் காங்கிரஸ் தொகுதித் தேர்தலும் இருக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை, தேர்தல் முடிந்த டிசம்பரிலும் சேர்த்து. பணம் முழுவதும் வட கரோலினாவுக்கு, மாதாமாதம், விளம்பரத்துக்கு வேண்டாம், வருடம் முழுக்க அங்கே இருக்கிற ஆட்களுக்கு. டெக்சாஸ் மாமா இன்னும் சமாதானமாகவில்லை. அவருடைய அக்கா மகன் ஹூஸ்டனில் இருக்கிறான், அவனை அங்கே இறக்கிவிடுகிறேன் என்கிறார். நல்லதுதான்.

ராஜேஷ் கேட்ட கேள்விக்கு, அதாவது அங்கே போய் என்ன சொல்வது என்பதற்கு, எங்களிடம் இன்னும் சரியான பதில் இல்லை. முதல் இரண்டு சனிக்கிழமை எதையும் சொல்லாமல், உங்கள் வீட்டில் என்ன கஷ்டம் என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வரப் போகிறோம். அந்தத் தாத்தா வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

காலை எட்டரைக்குக் கிளம்புகிறோம். என் காரில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது. எடிசன், ஐஸலின் பக்கம் யாராவது வருவதாக இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.